மாரியோவின் சுவரும் எனது மரியாதையும்

1

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று என் மனைவி ஜெஸீமா எங்கள் ஊர் இனிப்பான வட்டிலாப்பம் அவித்தாள். தேங்காய்ப்பால் தகரத்தில் வந்தது. கித்துள் கருப்பட்டிக்குப் பதிலாக ஏதோ ஒரு பழுப்பு நிறச் சீனி. வட்டிலாப்பம் என்று அவள் சொன்னபடியால் நாங்களும் வட்டிலாப்பம் என்றே சாப்பிட்டோம். மகள் ரிஸ்னா மட்டும் ஒரு கரண்டியை வாயில் வைத்துவிட்டு, "உம்மா, இது சரியில்ல" என்றாள். அவளுக்குப் பதினைந்து வயது. இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மனதில் பட்டதை அப்படியே சொல்லவேண்டும் என்று அங்கே படிப்பிக்கிறார்களாம்.

ஜெஸீமாவின் முகம் வாடிவிட்டது. வேறு நாளாக இருந்தால் நான் மகளை ஏசியிருப்பேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை என் தொண்டையிலும் அதே மாதிரி ஒரு வசனம் சிக்கிக்கொண்டு கிடந்தது. அதைச் சொல்லாவிட்டால் என் பதவி போகும். சொன்னால் ஒரு மூத்த மனிதரின் மரியாதை போகும். இங்குள்ளவர்களிடம் இதைச் சொன்னால், இதில் என்ன சங்கடம் இருக்கிறது என்று கேட்பார்கள். கல்முனைப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில் நான் மேசன் பாஸ், கொத்தனார்களுக்குத் தலைவன். எட்டுப் பேரை வைத்து வீடு கட்டிக் கொடுத்தவன். நம்மூரில் வீடென்றால் பெண்பிள்ளைக்குத்தான். மகள் வயதுக்கு வந்து குமரானதும் தகப்பன் அத்திவாரம் வெட்டுவான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். ஆகவே என்னை வேலைக்குக் கூப்பிட வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "எத்தின பொம்புளப் புள்ள?" என்பதுதான். அதை வைத்தே எத்தனை வருடத்துக்கு எனக்கு வேலை இருக்கிறது என்று அறிந்துகொள்வேன். இங்கே வந்த புதிதில், வீடு கட்டுவிக்க வந்த ஒரு கணவன் மனைவியிடமும் பழக்கதோசத்தில் அதையே கேட்டுவிட்டேன். பிள்ளைகளே இல்லை, இரண்டு நாய் இருக்கிறது என்றார்கள். நாய்க்கு எதற்கு நான்கு அறை என்று நான் கேட்கவில்லை. அந்தளவுக்கு எனக்கு அப்போது ஆங்கிலம் போதாது.

தொண்ணூறில் நாடு குழம்பியது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்களுக்குக் கதவு நிலை செய்து தருகிற தங்கராசா ஓடாவி தமிழர், காரைதீவிலிருந்து சைக்கிளில் வருகிறவர். அவர் இந்தப் பக்கம் வரப் பயந்தார், நாங்கள் அந்தப் பக்கம் போகப் பயந்தோம். நடந்து போகிற தூரம்தான். நிலையில்லாமல் பாதியில் நின்ற வீடுகளைப் பார்த்துக்கொண்டு நானும் எவ்வளவு காலம் சும்மா இருப்பது? ஜெஸீமாவின் காக்கா, அதாவது அவளுடைய மூத்த சகோதரர், இங்கிருந்து பத்திரங்களை அனுப்பினார். வந்துவிட்டோம்.

இங்கே புறநகரில் வீடுகள் கட்டுகிற கிரெக் என்பவரிடம் வேலை. முதலில் கல் சுமந்தேன், பிறகு கல் வைத்தேன். போன மாரிகாலத்தில் கிரெக் என்னைக் கூப்பிட்டு, ஆறு பேர் கொண்ட குழுவுக்கு என்னைத் தலைவராக்கப் போவதாகச் சொன்னார். மூன்று மாதம் பரீட்சித்துப் பார்ப்பாராம். ஏன் என்னைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டேன். "உன்னைப் பற்றி இதுவரை ஒருவரும் முறைப்பாடு சொன்னதில்லை" என்றார். நான் ஐந்து வருடமாக ஒருவரோடும் சரியாகக் கதைத்ததில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

தலைவருக்கு ஒவ்வொரு வெள்ளியும் நிரப்புவதற்கு ஒரு படிவம் உண்டு. அதில், இந்த வாரம் குழுவினரோடு கதைத்துத் தீர்த்த பிரச்சினைகள் என்று ஒரு பெரிய பெட்டி. நான் வாராவாரம் அதில் "இல்லை" என்று எழுதினேன். கிரெக்குக்குச் சந்தோசம். இப்படியொரு தலைவர் தனக்கு வாய்த்ததே இல்லை என்று மற்றவர்களிடம் சொன்னாராம்.

3

குழுவில் ஆறு பேர் இருந்தாலும் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் மின். வியட்நாம்காரன், தச்சு வேலை. கதைப்பது குறைவு, கை சுத்தம். மற்றவர் மாரியோ. இத்தாலிக்காரர், செங்கல் வைக்கிறவர். தலை பஞ்சாக வெளுத்து, புருவம்கூட வெள்ளை. குனிந்து நிமிரும்போது இடுப்பில் கை வைத்து ஒரு பெருமூச்சு விடுவார். கண்ட அன்றே நான் அவரை மனதுக்குள் காக்கா என்று வைத்துவிட்டேன். பத்து மணிக்குத் தேநீர் ஊற்றினால் முதல் கோப்பை அவருக்குத்தான்.

மூத்தவரின் பிழையை முகத்துக்கு நேரே சொல்வது நம்மிடம் இல்லை. அதற்காகப் பிழையை விட்டுவிடுவதும் இல்லை. நான் வேலை பழகிய இஸ்மாலெவ்வை பாஸின் கூட்டத்தில் அவருடைய சொந்த மாமாவே ஒரு மேசன். மாமாவின் சுவர் சாய்ந்தால் மருமகன் எப்படிச் சொல்வார்? பாஸ் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். தூக்குக்குண்டை, அதாவது நூலில் கட்டிய அந்த இரும்புக் குண்டை, சுவரின் தலையில் ஆணியடித்துத் தொங்கவிட்டு மத்தியானத்து ளுஹர் தொழப் பள்ளிக்குப் போய்விடுவார். தொழுதுவிட்டு வரும்போது மாமா பிழையான கல் வரிகளை உடைத்துத் திரும்ப வைத்துக்கொண்டிருப்பார். ஒருவர் முகமும் சுருங்காது. நானும் பாஸாகிய பிறகு இதே வழியில்தான் எட்டுப் பேரையும் நடத்தினேன்.

ஒருமுறை மருதமுனையில் ஒரு கைத்தறி வியாபாரியின் மகளுக்கு வீடு. இஸ்மாலெவ்வை பாஸ் குண்டைத் தொங்கவிட்டுப் பள்ளிக்குப் போனார். நாங்கள் சுவரைப் பார்க்கிறோம், நூலைப் பார்க்கிறோம், ஒரு கோணலும் தெரியவில்லை. "பாஸ்ட கண்ணுக்குத் தெரியிறது நமக்குத் தெரியா" என்று மாமா சொன்னார். ஆறு வரியை உடைத்தோம். உண்மையில் பாஸ் அன்று சும்மா சுவரைச் சரிபார்த்துவிட்டு, குண்டைக் கழற்ற மறந்து போயிருந்தார். திரும்பி வந்து, உடைந்த சுவரைக் கண்டு, வாயைத் திறந்தார். ஆர் உடைக்கச் சொன்னது என்று கேட்டால் மாமாவைக் கேட்டதாகிவிடும். திறந்த வாயை வீணாக்காமல், "தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்றார். நேரான சுவரை இரண்டாம் தரமும் நேராகக் கட்டினோம். மனதுக்குத் திருப்தி வரும்வரை உடைத்து உடைத்துக் கட்டுகிற மேசன்மார் என்று அந்த வியாபாரி மருதமுனை முழுக்கச் சொல்லி, எங்களுக்கு இன்னும் மூன்று வீடு கிடைத்தது.

4

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை கிரெக் தொலைபேசியில் சொன்னார்: "வியாழக்கிழமை நகரசபைப் பரிசோதகர் வருகிறார். வெள்ளியோடு உன் மூன்று மாதமும் முடிகிறது. இந்த வீடு தடங்கலில்லாமல் தேறினால் பதவி உனக்கு. இல்லாவிட்டால் நான் வேறு ஆளைப் பார்க்கவேண்டி வரும்."

மத்தியானம் மாரியோ வைத்துக்கொண்டிருந்த கராஜ் சுவரைப் பார்த்தேன். நான்காவது வரியிலிருந்து வெளிப்பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அப்போதைக்கு விரல் தடிப்புத்தான். மேலே போகப் போகக் கூடும். மாரியோவின் கையில் இப்படியொரு பிழையை நான் அதுவரை கண்டதில்லை.

என்ன செய்வதென்று நான் யோசிக்கவே இல்லை. குண்டை எடுத்துச் சுவரின் தலையில் தொங்கவிட்டு, சாமான் கொள்கலனுக்குப் பின்னால் அட்டையை விரித்துத் தொழப் போனேன். அன்று தொழுகையில் என் கவனம் முழுவதும் சுவரில்தான் இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். திரும்பி வந்தேன். குண்டைக் காணவில்லை. அதைத் துடைத்து, நூலை அழகாகச் சுற்றி, என் மேசன் சாமான் பெட்டிக்குள் வைத்திருந்தார் மாரியோ. "மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டாய். இங்கே சாமான் களவு போகிற இடம், கவனம்" என்று சொல்லிக் கண்ணடித்தார். சுவர் இன்னும் ஐந்து வரி உயர்ந்திருந்தது.

நான் நன்றி சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஊரின் இரண்டாவது வழியைக் கையில் எடுத்தேன். மூத்தவருக்குச் சொல்லவேண்டியதை அவருக்குக் கேட்கும்படி இளையவனுக்குச் சொல்வது. மாரியோவுக்குப் பக்கத்தில் மின்னைக் கண்டதும் சத்தமாகச் சொன்னேன்: "மின், வேலை சாய்ந்துபோனால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றித் திரும்பச் செய்வதுதான் நல்லது."

"மிகவும் சரி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும்" என்றார் மாரியோ, கல்லை வைத்துக்கொண்டே.

மின் என்னை ஒரு பார்வை பார்த்தான். காலையில் தான் பூட்டிய கதவு நிலைக்குப் போனான். மட்டப்பலகையை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தான், மற்றப் பக்கம் வைத்துப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு நிலையைக் கழற்றத் தொடங்கினான். அது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்த நிலை. உன்னைச் சொல்லவில்லை என்று சொல்லலாமென்றால், அப்படியானால் யாரை என்று கேட்பான். பின்னேரம் மூன்று மணிவரை வேலை செய்து, கழற்றிய இடத்திலேயே அதே மாதிரி திரும்பப் பூட்டினான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான். கராஜ் சுவர் என் நெஞ்சளவைத் தாண்டியிருந்தது.

5

அந்தப் பின்னேரம்தான் வட்டிலாப்பம். எங்கள் வீட்டிலும் நேரே கதைக்கிற வழக்கம் குறைவு. மகளுக்கு நான் சொல்லவேண்டியதை ஜெஸீமாவிடம் சொல்வேன். மகள் என்னிடம் கேட்கவேண்டியதையும் ஜெஸீமாவிடம் கேட்பாள். ஜெஸீமா எங்கள் வீட்டுத் தபால் கந்தோர்.

"ஒங்கட மகள் சொல்றதக் கேட்டீங்களா?" என்றாள் ஜெஸீமா என்னிடம்.

"நல்லா இல்லாட்டி நல்லா இல்ல எண்டுதானே சொல்லணும்" என்றாள் ரிஸ்னா. "சும்மா நல்லம் எண்டு சொன்னா அடுத்த முறையும் உம்மா இப்பிடித்தான் செய்வாங்க."

பேச்சை மாற்றுவதற்காக, நான் சுவர்க் கதையை ஜெஸீமாவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள்.

"மூத்த மனிசன். எப்பிடி முகத்துக்கு நேரே சொல்ற?"

"ஏன் சொல்ல ஏலா?" மகள் இந்த முறை தபால் கந்தோருக்குப் போகவில்லை. என்னைப் பார்த்தே கேட்டாள். "வாப்பா, அந்தச் செவரு உழுந்து ஒரு புள்ளைட தலையில பட்டா, அப்ப அவருக்கு மரியாதையா இரிக்குமா?"

நான் கரண்டியால் வட்டிலாப்பத்தைக் கிண்டினேன்.  பிறகு ஜெஸீமா மெதுவாக, "அப்ப நானும் ஒண்டு சொல்லட்டா?" என்றாள். "இந்தக் குசினிக்கு நீங்க அடிச்ச மஞ்சள் பெயின்ட் எனக்கு ஒருநாளும் புடிச்சதில்ல."

"மறுகா ஏன் இத்தின வருஷமா சொல்லல்ல?"

"நீங்க மேசன். ஒங்களுக்கு நான் என்னெண்டு சொல்ற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த முதல் மாதமே அவளைச் சந்தோசப்படுத்த நினைத்து நானே அடித்த நிறம் அது. பிடிக்காத மஞ்சளுக்குள் நின்று ஐந்து வருடமாக மூன்று நேரமும் எனக்குச் சமைத்திருக்கிறாள். அவள் மரியாதை செய்திருக்கிறாள். நான் அது தெரியாமல் இருந்திருக்கிறேன். மனது மிகவும் சங்கடப்பட்டது.

அதோடு விட்டார்களா? மகளும் தன் பங்குக்குத் தொடங்கினாள். "வாப்பா, எனக்கெண்டு ஊடு கட்டுற யோசினைய உடுங்க. ஊடு வேணுமெண்டா நானே வாங்குவன்." ஊரில் எத்தனை பேரின் மகள்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் நான். என் மகளுக்கு வேண்டாமாம். வட்டிலாப்பத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் ஒன்று விளங்கியது. மகளின் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மற்ற எல்லாரையும் நான் ஊகித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

6

புதன்கிழமை காலையில் காரில் போகும்போது அந்த வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சமிக்ஞை விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த பெண், நான் தன்னோடு கதைப்பதாக நினைத்துக் கண்ணாடியை இறக்கினாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனேன்.

மாரியோ கலவை குழைத்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன். 

"மாரியோ, கராஜ் சுவர் சாய்ந்திருக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார். மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எப்போது கண்டாய்?"

"திங்கள் மத்தியானம்."

அவர் விரல்விட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன். மேசன் கரண்டியைக் கலவைக்குள் குத்திவிட்டு எனக்குக் கிட்ட வந்தார்.

"பிழை என்று தெரிந்தும், அதன் மேல் நான் கல் வைக்க வைக்கப் பார்த்துக்கொண்டு நின்றாயா? இருபத்தைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். என்னை இப்படி ஒருவரும் கேவலப்படுத்தியதில்லை."

"உங்களுக்கு மரியாதைக்காகத்தான் நான்..."

"மரியாதையா? மரியாதை இருந்தால் திங்கட்கிழமையே சொல்லியிருப்பாய்."

 எந்த ஒன்றைச் சொல்லி அவரை நோகடிக்கக்கூடாது என்று இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தேனோ, அதைச் சொல்லாததுதான் அவரை நோகடித்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சுத்தியலை எடுத்தார். நானும் ஒன்றை எடுத்தேன். மேலிருந்து உடைத்துக்கொண்டு நான்காவது வரிக்கு வந்தோம். நான் கல்லைச் சுரண்டிக் கொடுக்க, அவர் வைத்தார். பிறகு நானும் மறுபக்கத்திலிருந்து வைத்தேன். மின் கூப்பிடாமலே வந்து கலவை குழைத்தான். இருட்டுவதற்குள் சுவர் நேராக எழுந்து நின்றது. நாள் முழுவதும் மாரியோ என்னோடு கதைத்தது, கல், கலவை, தண்ணீர் என்ற மூன்று சொல்தான்.

வியாழக்கிழமை பரிசோதகர் வந்தார். அந்தச் சுவரை ஒரு நிமிடம் பார்த்தார். மிச்ச அரை மணித்தியாலமும், வாசலில் உள்ள பெயர்ப்பலகை மரத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதைப் பற்றியே கதைத்தார். பலகையை இரண்டடி தள்ளி நட்டோம். வீடு தேறியது.

7

வெள்ளிக்கிழமை கிரெக் என் கையைக் குலுக்கி, பதவி நிரந்தரமானதற்கான கடிதத்தைத் தந்தார். கூடவே ஒரு கட்டுப் படிவங்களும். அந்த வாரப் படிவத்தின் பெரிய பெட்டியில் முதல் தடவையாக நான் ஏழு வரி எழுதியிருந்தேன். கிரெக் அதை வாசித்துவிட்டு, "இவ்வளவு பிரச்சினையா?" என்று பயந்துபோனார்.

நிரந்தரத் தலைவர் குழுவினரின் காப்புறுதிப் பட்டியலைப் புதிதாக நிரப்பவேண்டுமாம். பழைய தாள்களைப் பார்த்து ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதிக்கொண்டு வந்தேன். மாரியோவின் திகதிக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணினேன். பிறகு என் வயதையும் எண்ணினேன், அதில்தான் ஏதும் பிசகோ என்று.

எனக்கு நான்கு வயது இளையவன்.

தாளையும் கொண்டு வெளியே போனேன். மாரியோ மணல் கும்பியில் தனியே இருந்து ரொட்டியை ஒரு பக்கப் பல்லால் மென்றுகொண்டிருந்தான். ஒரு கை கன்னத்தில் இருந்தது.

"நீ எனக்கு இளையவன்" என்றேன்.

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தலை முப்பதிலேயே வெளுத்துவிட்டது. எங்கள் குடும்பமே அப்படித்தான்" என்றான். "உனக்கு நாற்பது இருக்கும் என்றல்லவா நினைத்தேன்? உன் தாடி சிவப்பு." தாடிக்கு நான் போடுகிற மருதோன்றியைப் பற்றி அவனுக்கு விளக்கப் போகவில்லை.

"கன்னத்தில் என்ன?"

"பல். போன சனிக்கிழமையிலிருந்து. திங்கட்கிழமை கண்ணே தெரியவில்லை, அவ்வளவு வலி. சுவர் அப்படிப் போனதும் அதனால்தான்."

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீ தலைவர்" என்றான் மாரியோ. "தலைவரிடம் போய்ப் பல் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?"

அவ்வளவுதான். எனக்குள் எங்கேயோ அடைபட்டுக் கிடந்தது திறந்துகொண்டது. ஆங்கிலம் பறந்துவிட்டது.

"அட பேயன்" என்று தமிழில் தொடங்கினேன். "தலைய வெளுக்க உட்டுட்டு மனிசர ஏமாத்திறயா? மூணு மாசமா உன்னக் காக்கா எண்டு நினைச்சி வாயப் பொத்திட்டு இரிந்த நான். தம்பி எண்டு தெரிஞ்சிரிந்தா திங்கக்கிழமையே காதப் புடிச்சித் திருகியிருப்பன். பல்லு நொந்தா வாயத் திறந்து சொல்ல ஏலாதா? பல்லு நோவோட செவரு வைக்கிற மனிசன் இந்த உலகத்துல ஆரும் இரிக்காங்களா? ஊட்ட ஒருத்தரும் கேக்கிறல்லயா உன்ன? உழுந்து கிழுந்து போனா ஆரு பதில் சொல்ற? நான்தானே சொல்லணும்?"

மின் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். நான் நிறுத்தவில்லை. இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடமாக நன்றி, மன்னிக்கவும், தயவுசெய்து என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறேன். ஏசுவதென்றால் அதற்குச் சொந்தமான ஒரு ஆள் வேண்டும். கிரெக்கை ஏச முடியாது, மகள் கேட்கமாட்டாள், ஜெஸீமாவை ஏசிய காலம் செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது. இப்போது எனக்கு ஒரு தம்பி கிடைத்திருந்தான். ஏச ஏச எனக்குக் கண் கலங்கியது, மனது நிறைந்தது.

மாரியோ மெல்லுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டான். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, ஏச்சு வாங்குகிற இளையவன் இருக்கவேண்டிய மாதிரியே இருந்தான். நான் மூச்சு வாங்க நின்றபோது, "என்ன சொன்னாய்?" என்று கேட்டான்.

"நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து உன்னைப் பல்வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன்."

"இதைச் சொல்வதற்கு இவ்வளவு நேரமா?" என்றான் மாரியோ.